முடியாத மொய்

ஊற்றுக்கு முகம் கிடையாது, அலுவலகம் கிடையாது, முதலாளி கிடையாது. மணல்மேட்டுப்பட்டினத்துச் சனங்களுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. "இதுவரைக்கும் முகம் உள்ளவனெல்லாம் வந்து என்னத்தக் கிழிச்சான்?" என்று அமிர்தலிங்கம் டீக்கடையில் கேட்டான்.

ஊற்று என்பது ஒரு கடன் நிதி. எங்கோ ஒரு நாட்டில் பிள்ளைகுட்டி இல்லாத சில விஞ்ஞானிகள் தங்கள் சொத்தையெல்லாம் ஒன்றாகப் போட்டு, தண்ணீர் இல்லாத ஊர்களுக்குக் கடன் கொடுப்பதற்கென்றே ஒரு கணினி மூளையை உண்டாக்கி வைத்துவிட்டுக் கண்ணை மூடினார்கள். கொடுப்பதும் அதுதான், மறுப்பதும் அதுதான். சிபாரிசு செல்லாது. நிலம், நகை எதையும் அடமானமாக வாங்காது. இந்தச் சனங்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார்களா என்று மட்டும் கணக்குப் போட்டுப் பார்க்கும்.

முதல் தடவை அது மறுத்துவிட்டது. மறுத்ததில் தப்பும் இல்லை. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே கடற்கரை வரை நிலத்தடி நீர் உப்பாகிவிட்டது. தென்னைகள் தலை கருகி நின்றன. கொள்ளிடத்திலிருந்து வரும் பழைய குழாய் வழியெல்லாம் கசிந்து, ஊருக்கு வந்து சேரும்போது உஸ்ஸென்று காற்றை விட்டது. தண்ணீர் என்றால் லாரித் தண்ணீர். இப்படிப்பட்ட பூமியை நம்பி யார் கடன் கொடுப்பார்கள்?

குடிநீர் வாரியத்து இளம் பொறியாளர் ரஹ்மத்துன்னிசாவுக்குத்தான் கோபம் வந்துவிட்டது. மல்லிப்பட்டினத்துப் பெண். "எங்க சனங்களப் பத்தி உனக்கு என்ன தெரியும்? மொய் விருந்து போட்டே அரிசி மில்லு கட்டுன ஆளுங்க இவங்க!" என்று போனில் கத்திவிட்டாள்.

"மொய் விருந்து என்றால்?" என்று கேட்டது ஊற்று.

அவ்வளவுதான். புதுப் பெண்டாட்டியிடம் அவள் ஊர்க்கதை கேட்கிற மாப்பிள்ளை போல அது விடாமல் கேட்க ஆரம்பித்தது. ஆடி, ஆவணியில் பந்தல் போட்டு, ஊரை அழைத்து ஆட்டுக்கறிச் சோறு போடுவார்கள் என்று ரஹ்மத் விளக்கினாள். சாப்பிட்டவர்கள் மொய் வைப்பார்கள். அந்தப் பணத்தில் விருந்து வைத்தவர் போர் போடுவார், கடை வைப்பார், பிள்ளையைப் படிக்க வைப்பார். பிறகு ஒவ்வொருவர் விருந்துக்கும் போய், வாங்கியதை வைத்து, அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்தும் வைப்பார். பத்திரம் இல்லை, கோர்ட்டு இல்லை.

"ஏன் மேலே சேர்த்து வைக்க வேண்டும்? வட்டியா?"

"வட்டியில்ல. வாங்குனது கழிஞ்சிடும். மேல வச்சது புதுசு. அந்தப் புதுச அவங்க நமக்குத் திருப்பிச் செய்யணும்ல?"

"அப்போது அவர்களும் மேலே சேர்த்து வைப்பார்கள்."

"ஆமா."

"அப்படியானால் கணக்கு எப்போது முடியும்?"

"முடியக் கூடாது. சரிக்குச் சரியா வச்சு முடிச்சிட்டா, உன் சங்காத்தமே வேணாம்னு அர்த்தம்."

சிக்னல் போய்விட்டதென்று ரஹ்மத் போனை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள்.

"கடனை முடிக்கவே விரும்பாத கடன்காரர்களை நான் பார்த்ததில்லை," என்றது ஊற்று. "எல்லா வீட்டு மொய்க் கணக்கையும் எனக்குக் காட்டுவீர்களா?"

காட்டாமல் இருப்பார்களா? தகரப்பெட்டியில் இருந்ததும், பூசை மாடத்தில் மஞ்சள் பூசி வைத்திருந்ததும், கரையான் தின்ற பாதியும் வெளியே வந்தன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போட்டோ பிடித்து ஏற்றினார்கள். பட்டுக்கோட்டை கடைகளில் குழாய்த் திருகு விற்றுத் தீர்ந்தது. தண்ணீர் வருமா வராதா என்று தெரியாமலே பாதி வீடுகளில் முற்றத்தில் குழாய் நட்டுவிட்டார்கள்.

அந்த நாட்களில் தையல்நாயகிக்கும் கால் தரையில் பாவவில்லை. கிளை நூலகத்தை நடத்தியவள் அவள்தான். தண்ணீர் கேட்டு ஊர் போட்ட மனுக்களில் முக்கால்வாசி அவள் கையெழுத்தில்தான் போயின. நூலகத்துக்கு வருகிறவர்களிடம் திட்டத்தை அவளே விளக்குவாள். கடலோரத்தில் உப்பைக் கட்டிகட்டியாகப் பிரித்தெடுக்கும் நிலையம். மேட்டுப் பக்கத்தில் அதற்கு மின்சாரம் கொடுக்கும் சூரியத் தகடுகள். நடுவில், விரிசல் விட்டால் காயம் ஆறுவது போலத் தானே மூடிக்கொள்ளும் குழாய். "நெசமாவா லைப்ரரியக்கா?" என்று வாய் பிளப்பார்கள். "நெசமாத்தான். பொய்யின்னா இந்த அலமாரியப் பூரா நான் திங்கிறேன்," என்பாள்.

ஊற்று முடிவு சொல்லும் நாளில் கல்யாண மண்டபம் கொள்ளவில்லை. மணல்மேட்டுப்பட்டினமும் மற்றக் கடற்கரைப் பக்கத்துக்காரர்களும் வலது பக்கம் உட்கார்ந்தார்கள். செம்மண் மேட்டுப் பக்கத்துக்காரர்கள் இடது பக்கம். நடுவில் ஒரு வரிசை நாற்காலி காலியாகவே கிடந்தது.

மேடையில் பெரிய திரை ஒளிர்ந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புள்ளி, ஒவ்வொரு மொய்க்கும் ஓர் இழை. காயப்போட்ட வலை போல விரிந்தது படம். சனங்கள் தங்கள் வீட்டுப் புள்ளியைக் கண்டுபிடித்துக் கூச்சலிட்டார்கள். "அந்தா பாரு, நம்ம வீடு! எத்தன இழ ஓடுது பாத்தியா?" "எங்கப்பா வச்ச மொய்யிடா அதெல்லாம், நீ எங்க வச்ச?"

படம் முழுசாக விரிந்தபோது கூச்சல் தானாக அடங்கியது. அங்கே இருந்தது ஒரு வலை இல்லை. வலது பக்கம் ஒரு வலை, இடது பக்கம் ஒரு வலை. நடுவில் ஓர் இழைகூட இல்லாத இருட்டு.

"உங்களுக்குக் கடன் கொடுக்க ஆசைப்படுகிறேன்," என்றது ஊற்று. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத குரல். "ஒவ்வொரு வலையும் உறுதி. ஆனால் தண்ணீர் ஒரு பக்கம், மின்சாரம் மறுபக்கம். இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் நம்பாவிட்டால் ஒரு நாள் ஒருவர் வால்வை மூடுவார், மற்றவர் கரண்டை நிறுத்துவார். நாலு வருஷத்துக்கு முன்னால் இந்த நடுவில் இழைகள் அடர்த்தியாக இருந்திருக்கின்றன. முதலில் ஒன்று அறுந்தது. அந்த ஆடி முடிவதற்குள் மற்றதெல்லாம் அறுந்தது."



"அந்த முதல் இழை யாருடையது என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த இழை மறுபடி ஓடினால் கடன் கொடுப்பேன். ஆவணி முடிய நேரம் இருக்கிறது. அது வரை யாரும் அவரிடம் கேட்கக் கூடாது. கெஞ்சி வாங்கிய மொய் மொய்யாகாது என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். கடைசியில் நானே அவரை விசாரிப்பேன்."

மண்டபம் மொத்தமும் பின்னால் திரும்பித் தூணோரம் நின்ற தையல்நாயகியைப் பார்த்தது. பார்த்த வேகத்தில், சுட்டது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவள் தம்பி அமிர்தலிங்கம், அதற்கு முன் கண்டிராத அதிசயம் போல மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தையல்நாயகியின் மகன் தென்னவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வேலையில் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கியிருந்தான். விளக்கு எரியாத தண்ணீர் லாரி ஒன்று, இன்னும் ஒரு நடை கூடுதலாக அடிக்கும் அவசரத்தில், புறவழிச் சாலைத் திருப்பத்தில் அவன் பைக்கை அடித்துத் தள்ளிவிட்டுப் போனது. லாரி, மேட்டுப் பக்கத்துப் பூவரசங்காட்டு உடையப்பனுடையது. அந்தப் பக்கத்தில் ஓடிய தண்ணீர் லாரிகளில் பெரும்பாலானவை அவருடையவைதான். உடையப்பனும் தையல்நாயகியின் காலமான புருஷனும் பழைய சினேகிதர்கள். கடற்கரைக்கும் மேட்டுக்கும் மொய்ப் போக்குவரத்து உண்டானதே அந்த இரண்டு பேரால்தான். ஒருவர் விருந்துக்கு மற்றவர் ஊரையே கூட்டிக்கொண்டு போவார்.

அந்த மனிதர் தென்னவன் சாவுக்கு வரவில்லை. கருமாதிக்கும் வரவில்லை.

அடுத்த ஆடியில் உடையப்பன் வீட்டு விருந்துக்குத் தையல்நாயகி போனாள். புருஷன் காலத்தில் வாங்கியிருந்த மொய்யைச் சரிக்குச் சரியாக, ஒரு காசு மேலே இல்லாமல், மேசையில் வைத்தாள். சாப்பிடாமல் திரும்பினாள். அவளுக்காக அந்த மாதமே கடற்கரைப் பக்கம் மொத்தமும் போய் முடித்துக்கொண்டு வந்தது. "நம்ம புள்ளைய அடிச்சுப் போட்டவன்கூட நமக்கென்ன பந்தி?" என்றார்கள். அவளை யோசிக்கக்கூட விடாமல் அவள் கோபத்தை ஊரே தோளில் தூக்கிக்கொண்டது. இப்போது அவள் இறக்காமல் அவர்களும் இறக்க முடியாது. முதலில் முடித்தவள் இருக்க, பின்னால் முடித்தவன் முந்திக்கொண்டு போய்ப் பந்தியில் உட்கார்ந்தால் அவன் முகத்தில் யார் விழிப்பார்கள்?

கேட்கக் கூடாது என்று ஊற்று சொன்னதும் ஊர் படாத பாடு பட்டது. தையல்நாயகி வீட்டுக்கு வருகிறவர்கள் தண்ணீர் என்ற சொல்லையே உச்சரிக்கப் பயந்தார்கள். கொடுவா மீன் வந்தது, நண்டு வந்தது, கேட்காமலே கூரையில் ஓடு மாற்ற ஆள் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி ரோட்டில் லாரிக்கு நிற்கும்போது, "சும்மா காத்து வாங்க நிக்கிறேன் அத்தாச்சி," என்றாள், கையில் நாலு குடத்தோடு.

அமிர்தலிங்கம் தினமும் வந்து மணிக்கணக்காகப் பேசினான். ஆஸ்திரேலியாவில் கங்காரு எப்படிக் குட்டி போடும் என்பது வரை பேசினான்.

"டேய்," என்றாள் தையல்நாயகி. "மனசுல இருக்கறதக் கேட்டுத் தொலையேன்."

"ஐயோ, நான் கேக்கல! நான் ஒண்ணுமே கேக்கல!" அவன் துண்டை உதறிக்கொண்டு எழுந்து, வாசலைப் பார்த்து யாரோ ஒளிந்திருப்பது போலச் சத்தமாகச் சொன்னான். "எல்லாரும் கேட்டுக்கங்க, நான் எங்கக்காகிட்ட ஒண்ணும் கேக்கல!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே காலிக் குடத்தை ஓரமாக நகர்த்தினாள். அவளுக்கும் தண்ணீர் வேண்டும். இந்த ஊரில் வேறு யாரையும்விட அவளுக்குத்தான் வேண்டும். ஆனால் அதற்காக உடையப்பன் பந்தலில் போய் நின்று, போனது போகட்டும் என்று பல்லைக் காட்டுவதா?

மறுநாள் ரஹ்மத்துன்னிசா நூலகத்துக்கு வந்தாள். படிக்காத புத்தகம் ஒன்றை எடுத்து, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"திருப்பிப் பிடி," என்றாள் தையல்நாயகி. "நீ கேக்க வேணாம். நான் கேக்குறேன். உன் ஊத்துகிட்ட நான் பேசலாமா?"

ரஹ்மத் புத்தகத்தைப் போட்டுவிட்டு எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. "அக்கா! நீங்களா பேசுனா ஒரு சட்டமும் தடுக்காதுக்கா!" போனை மேசையில் வைத்துவிட்டு, ஒட்டுக் கேட்கக் கூடாதென்று வாசலுக்கு ஓடினாள். அங்கே நின்று கேட்டாள்.

"அந்த ஆள மன்னிக்கணும்னு சொல்றியா நீ?" என்று கேட்டாள் தையல்நாயகி.

"இல்லை. மன்னிப்பை எனக்கு அளக்கத் தெரியாது," என்றது ஊற்று. "மொய் வைத்தால் வாங்கியவர் கடமைப்பட்டவர். அந்தக் கடமையை அவர் மதிப்பாரா என்பதைத்தான் பார்ப்பேன். உடையப்பன் மொய்யில் ஒருமுறைகூடத் தவறியதில்லை."

"நான் வைக்கலன்னா?"

"வேறு பகுதிக்குப் போவேன். உங்கள்மேல் எனக்கு வருத்தம் இருக்காது. உங்கள் மகன் இறந்தது எனக்குத் தெரியும்."

சொன்ன விதம் தையல்நாயகிக்குப் பிடித்திருந்தது. ஆறுதல் சொல்வதற்கு முன் எல்லோரும் விடும் பெருமூச்சு அதில் இல்லை.

"ஒண்ணு சொல்லு. தண்ணி வந்தா உடையப்பனுக்கு என்ன ஆகும்?"

"அவருடைய லாரிகளுக்கு வேலை இருக்காது. வராவிட்டால் இன்னும் லாரி வாங்குவார். இந்தப் பகுதியில் இப்போது ஓடும் லாரிகள், நாலு வருஷத்துக்கு முன்னால் ஓடியதைப் போல இரண்டு மடங்கு."

தையல்நாயகி ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தாள். தண்ணீர் லாரி ஒன்று போனது. பின்னாலேயே இன்னொன்று. பைக்கில் போன இரண்டு பையன்கள் ஓரமாக ஒதுங்கி, மண்ணில் சறுக்கி, சிரித்துக்கொண்டே மறுபடி ஏறினார்கள்.

நாலு வருஷமாக இந்தக் கோபத்தை அவள் பத்திரமாகக் காப்பாற்றி வந்திருந்தாள். அந்த லாரிகளுக்கெல்லாம் டீசல் ஊற்றுவது அந்தக் கோபம்தான் என்பது அந்த நிமிஷம் வரை அவளுக்குத் தோன்றவே இல்லை.

"அவரு விருந்து எப்ப?" என்று வாசலைப் பார்த்துக் கேட்டாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை!" என்று கத்தினாள் ரஹ்மத். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

தையல்நாயகிக்கு அழைப்பு வரவில்லை. முடித்துக்கொண்ட வீட்டுக்கு அழைப்பு வைப்பது வழக்கமில்லை. அழைக்காத விருந்துக்குப் போவது அதைவிட வழக்கமில்லை. அமிர்தலிங்கம் மட்டும் எதையோ மோப்பம் பிடித்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வண்டியோடு காலையிலேயே வாசலில் நின்றான். "சும்மா, இந்தப் பக்கமா வந்தேன்," என்றான். பூவரசங்காடு வரை அவன் வாயே திறக்கவில்லை. அவன் வாழ்நாளிலேயே அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அன்றுதான்.

பந்தல் ஒரு தெருவை அடைத்துப் போட்டிருந்தது. கறிக்குழம்பு மணம் சாலைவரை வந்து கையைப் பிடித்து இழுத்தது. ஒரு பந்தி எழுந்திருக்க அடுத்த பந்தி உட்கார இடம் பிடிக்க, அண்டா அண்டாவாகச் சோறு இறங்கிக்கொண்டிருந்தது. மொய் எழுதும் மேசையில் ஒருவர் எழுத, இன்னொருவர் மைக்கில் பேரையும் தொகையையும் பாட்டுப்போலச் சொல்லிக்கொண்டிருந்தார். தையல்நாயகி உள்ளே நுழைந்ததும் முதலில் பந்தி பரிமாறுகிறவன் கை நின்றது. பிறகு சாப்பிடுகிறவர்கள் கை நின்றது.

அவள் நேரே மேசைக்குப் போனாள்.

"வாங்க ஆத்தா," என்றார் எழுதுகிறவர், எழுந்து நின்று. "மணல்மேட்டுப்பட்டினம்... தையல்நாயகின்னு எழுதிக்கிறேன்."

"இல்ல. தென்னவன்னு எழுதுங்க."

பேனா நின்றது.

"ஆத்தா... தம்பி பேருலயா?"

"ஆமா. அவன் மொதச் சம்பளம் அப்படியே பேங்க்ல கெடந்துச்சு. அதுலேருந்து எடுத்துட்டு வந்தேன். நூத்தியொண்ணு. அவன் வைக்கிற மொத மொய்யி. எழுதுங்க."

"இல்லாதவுக பேருல எழுதுற வழக்கம்..."

"எழுதக் கூடாதுன்னு எந்த வழக்கத்துல இருக்கு? காட்டுங்க பாப்போம். நான் படிச்சவதான், படிச்சுக்கிறேன்."

அதற்குள் உடையப்பன் வந்துவிட்டார். கையில் குழம்பு வாளி இருந்தது. தன் விருந்தில் தானே பரிமாறுவது அவர் பழக்கம். தலை முழுக்க நரைத்திருந்தது. வாளியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

"எழுது," என்றார் மேசைக்காரரிடம்.

மைக் பிடித்தவருக்கு வழக்கமான பாட்டு வரவில்லை. சாதாரணமாகப் பேசுவது போலச் சொன்னார். "மணல்மேட்டுப்பட்டினம்... தென்னவன்... மொய்... நூற்றியொன்று."

பெயர் பந்தலைத் தாண்டிப் போய், தெருமுனைக் குழாய் ஒலிபெருக்கியில் மோதி, இரண்டாவது தடவையும் கேட்டது. நாலு வருஷமாக அந்தப் பெயரை யாரும் தையல்நாயகி காதுபட உரக்கச் சொல்லவில்லை. இறந்தவன் பெயரை மெல்லத்தான் சொல்ல வேண்டும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவளுக்கு இன்னொரு தடவை சொல்லச் சொன்னால் என்ன என்றிருந்தது.

"தங்கச்சி," என்றார் உடையப்பன். "இத நான் யாருக்குத் திருப்பிச் செய்வேன்? அவனுக்குக் கல்யாணமா, காதுகுத்தா? எந்த விசேஷத்துக்கு வந்து நான் வைப்பேன்?"

"வைக்க முடியாது. அதுக்குத்தான் வச்சேன். இனி ஒங்களால என்னைக்கும் முடிக்க முடியாது."

உடையப்பன் வாளியைத் தரையில் வைத்தார்.

"சாவுக்கு வரணும்னு வேட்டிய மாத்திட்டு நின்னேன். வக்கீலு, போனா குத்தத்த ஒத்துக்கிட்டதா ஆயிரும்னான். அவன் பேச்சக் கேட்டுக் கழட்டி வச்சேன். கேசுல ஜெயிச்சிட்டேன்." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஜெயிச்சு என்ன பண்ண? ...இத வச்சா என் லாரி நிக்கும்னு தெரிஞ்சுதான வந்த?"

"தெரிஞ்சுதான் வந்தேன்."

"சாப்புடுறியா?"

"இன்னிக்கு முடியாது," என்றாள் தையல்நாயகி.

சொல்லிவிட்டுத் திரும்பினாள். இன்னிக்கு என்ற சொல் எங்கிருந்து வந்து விழுந்தது என்று வண்டியில் ஏறிய பிறகும் அவளுக்குப் புரியவில்லை. அமிர்தலிங்கம் பந்தியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வண்டியை எடுத்தான். "நல்ல வெள்ளாட்டுக் கறிக்கா," என்றான் வழியில். அவ்வளவு நேரம் அடக்கியதற்கு அது ஒன்றுதான் வந்தது.

செய்தி அவர்களுக்கு முன்னால் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஆனால் வெடி வெடிக்க யாருக்கும் தைரியம் இல்லை. செத்தவன் பேரில் வைத்த மொய்யை மெஷின் ஒத்துக்கொள்ளுமா? டீக்கடையில் ஒரே வாக்குவாதம். "ஆள் இருந்தாத்தான்டா கணக்கு." "அப்ப கோயில் சொத்து சாமி பேர்ல இருக்கே, சாமி என்ன ஆதார் கார்டா வச்சிருக்கு?"

ஆவணிக் கடைசியில் மறுபடி மண்டபம் நிறைந்தது. ஊற்று அவளை மேடைக்கு அழைத்தது.

"யாராவது உங்களைக் கேட்டார்களா?"

"இல்ல. மீனு குடுத்தாங்க. கங்காரு பத்திச் சொன்னாங்க."

மண்டபம் சிரித்தது. அமிர்தலிங்கம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

"மொய் வைத்தவர் தென்னவன். அவர் இருக்கிறாரா?"

"இல்ல."

"அவருக்கு யார் மூலமாகவாவது திருப்பிச் செய்ய முடியுமா?"

"முடியாது. அவனுக்கு இனிமே ஒரு விசேஷமும் கிடையாது."

"அப்படியானால் இந்தக் கணக்கு எப்போது முடியும்?"

"முடியவே முடியாது," என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அவளுக்குக் குரல் உடைந்தது.

ரஹ்மத் அனிச்சையாகப் போனை எடுத்துச் சிக்னல் பார்த்தாள்.

"நான் உலகம் முழுக்கக் கணக்குப் பார்த்திருக்கிறேன்," என்றது ஊற்று. "எந்த இழையும் ஒரு நாள் அறும் என்று வைத்துத்தான் கணக்குப் போடுவேன். இது அறாது. வாங்கியவர் நினைத்தாலும் முடிக்க முடியாது, கொடுத்தவர் நினைத்தாலும் முடிக்க முடியாது. இதைவிட உறுதியான பிணை என்னிடம் வந்ததில்லை. கடன் கொடுக்க ஒப்புக்கொள்கிறேன்."

திரையின் இருட்டில் ஒரே ஓர் இழை மின்னியது. பிறகு மண்டபத்தில் எழுந்த சத்தத்தில் ஊற்று மேலே பேசியது யாருக்கும் கேட்கவில்லை. காலியாகக் கிடந்த நடு வரிசை நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு இரண்டு பக்கத்து ஆட்களும் கலந்தார்கள். "மாமோய், அடுத்த ஆடிக்கு எங்க வீட்டு விருந்து, வராம இருந்தே..." "ஏலே, நாலு வருசப் பசிடா, ஆட்ட எண்ணி வைய்யி!" யாரோ யாரையோ தூக்கிச் சுற்றினார்கள். ரஹ்மத் மேடையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள்.

வேலை நடந்தது. கடலோரத்தில் உப்பு வெள்ளை வெள்ளையாகக் கட்டி விழுந்தது. மேட்டில் தகடுகள் சூரியனைப் பார்த்துத் திரும்பின. தானே மூடிக்கொள்ளும் குழாயைச் சோதிக்கிறேன் என்று சிலர் ஆணியால் குத்திப் பார்த்தார்கள். அது மூடிக்கொண்டபோது குழந்தைபோலக் கை தட்டினார்கள். லாரிகள் ஒவ்வொன்றாக நின்றன. உடையப்பன் அவற்றை விற்றார்.

ஆடி தவறாமல் அவர் தையல்நாயகி வீட்டு வாசலுக்கு வரத் தொடங்கினார். உள்ளே வரமாட்டார். "இந்த வருசமாவது ஏதாச்சும் ஒரு விசேஷம் வையி தங்கச்சி. வீடு வெள்ளையடிக்கிறேன்னாவது வையி. நான் கொண்டாந்து வச்சிர்றேன்."

"அவன் பேருலதான திருப்பணும்? அவனுக்கு எதுவும் இல்லண்ணே."

அண்ணே என்று அவள் சொன்னதை அமிர்தலிங்கம் கவனித்தான். அவர் போன பிறகு சொன்னான். "அவரக் கட்டிப் போட்டதா நெனச்ச. கயித்தோட மறு முனை உன் கையிலதான்க்கா இருக்கு. நீயும் விட முடியாது."

"கங்காருவுக்கு எத்தன குட்டின்னு சொல்லு," என்றாள் அவள்.

தண்ணீர் திறந்த நாளில் தெருவே முற்றத்தில் நின்றது. முதலில் குழாய்கள் இருமின. பிறகு காற்று வந்தது. பழைய காற்றுதான் என்று சிலர் முகம் வாடினார்கள். அடுத்த நொடி, வந்தது. வந்த வேகத்தில் பக்கத்து வீட்டுக்காரி குடத்தைத் தவறவிட்டாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் நனைத்துக்கொண்டு ஓடினார்கள். கிழவர்கள் கையில் பிடித்துக் குடித்து, உப்பு இல்லை, உப்பு இல்லை என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் பிடித்து நிறுத்திக் குடிக்க வைத்தார்கள். தையல்நாயகி இரண்டு கையாலும் ஏந்தி முகத்தில் அடித்துக்கொண்டாள்.

உள்ளே போன் அடித்தது. ஈரக் கையோடு எடுத்தாள்.

"தென்னவன் வீடுதானே?" என்றது ஊற்று.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அவன் இல்லன்னு ஒனக்குத்தான் தெரியுமே."

"தெரியும். ஆனால் மொய் முடியாமல் அவர் பெயரை மூட என்னிடம் வழி இல்லை. மொய் முடியாது. ஆகவே என் கணக்கில் தென்னவன் எப்போதும் உறுப்பினர்தான். ஒவ்வோர் உறுப்பினர் வீட்டிலும் நானே விசாரிக்கிறேன். வருஷா வருஷம் விசாரிப்பேன்." கொஞ்சம் நிறுத்திக் கேட்டது. "தென்னவன் வீட்டில் தண்ணீர் வந்ததா? எல்லோரும் நலமா?"

வெளியே யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். குழாயை மூடாமல் வந்துவிட்டாள். தண்ணீர் வாளி நிரம்பி முற்றத்தில் ஓடும் சத்தம் கேட்டது.

"வந்துருச்சு," என்றாள் தையல்நாயகி. "தென்னவன் வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கோம்."